மெல்லிய பனியும் மினிபஸ் முறையும்

பெரிய பனியைப் பற்றி எவரிஸ்டா லிமாச்சி என்றைக்குமே கவலைப்பட்டதில்லை. முழங்கால் உயரத்துக்குக் கொட்டினால் கண்ணுள்ள எவனும் வண்டியை எடுக்க மாட்டான். போலீசும் தடுப்பை இறக்கிவிடும். அவள் தூக்கத்தைக் கெடுத்தது மெல்லிய பனிதான். சல்லடையில் மாவு சலித்த மாதிரி சாயங்காலம் அரைமணி நேரம் தூவும். லா பாஸ் நகரத்திலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு இறங்கும் மினிபஸ்களின் சக்கரத்தில் அரைபட்டு உருகும். பிறகு மேகம் கலைந்து காற்றும் நின்றுவிட்டால், அந்த ஈரம் விடிவதற்குள் கண்ணாடியாக இறுகிவிடும். பார்வைக்கு வெறும் ஈரத் தார்ரோடு. வெள்ளையைக் கண்டால் பயப்படும் ஓட்டுநர்கள் கறுப்பைக் கண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள்.

கும்ப்ரே கணவாயைத் தாண்டியதும் ரோட்டோரத்தில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் வானிலைத் துறை வைத்த வெள்ளை மரப்பெட்டி, உள்ளே வெப்பமானிகள். தினமும் மூன்று வேளை பார்த்து எண்களை அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாக அதுதான் வேலை. எண்களை அனுப்பினால் போதும் என்றுதான் துறை சொல்லியிருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்து, கொசுவப் பாவாடையும் வட்டத் தொப்பியும் போட்ட ஒரு மலைக்காரி அந்த எண்களை வைத்து யோசிப்பாள் என்று நகரத்து மேசைகளில் எவருக்கும் தோன்றவில்லை. அவள் யோசித்தாள். எந்த மாதிரி இரவுக்குப் பின் எந்த வளைவு உறைகிறது என்று வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு காலை ஐந்து மணிக்கு ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கையைப் பேசி அனுப்பத் தொடங்கினாள்.

அங்கே ஜூன் குளிர்காலம். அப்படி ஒரு காலையிலும் அனுப்பினாள்: "ராத்திரி மைனஸ் ஆறு. மேகம் இல்ல, காத்து இல்ல. என் வீட்டுக்குக் கீழ ரெண்டாவது வளைவு வரைக்கும் கண்ணாடி. அங்க தெற்குப் பக்கம், மலை நிழலு, ஒன்பதரைக்குத்தான் வெயில் விழும். அதுவரைக்கும் வராதீங்கப்பா."

ஆறரைக்கு ஃபெர்மின் என்ற ஓட்டுநர் மினிபஸ்ஸோடு வந்தான். கணவாயில் வழக்கம்போல் வண்டியை நிறுத்தி, மலைத்தாய்க்கென்று சக்கரங்களில் சாராயம் ஊற்றினான். சாராயம் அந்தக் குளிரில் உறையாது. ரோட்டுத் தண்ணீருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் வளைவிலேயே வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, நல்லவேளையாக மலைப்பக்கச் சாக்கடையில் போய்ச் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் அடியைத் தொட முந்நூறு மீட்டர்.

பதினான்கு பயணிகளும் நடந்து எவரிஸ்டாவின் வீட்டுக்கு வந்தார்கள். யாருக்கும் காயமில்லை. அவள் ஊதாச் சோளக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். முட்டைத் தட்டுகளை மடியில் வைத்திருந்த ஒரு பருத்த அம்மாள் ஃபெர்மினை முறைத்தாள்.

"அந்தச் சாராயத்த டயருக்கு ஊத்தாம நீயே குடிச்சிருந்தாக்கூட வண்டி இவ்ளோ தள்ளாடியிருக்காதுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மின் சிரிக்கவில்லை.

"நான் பேசி அனுப்பினதக் கேட்டியா தம்பி?" என்றாள் எவரிஸ்டா.

"கேட்டேங்க்கா. ரெண்டு தடவ."

"நம்பலையா?"

"நம்பாம என்ன? காத்திருந்தா முறை போயிடும்க்கா. வரிசைய விட்டு நகந்தா கடைசி. கடைசின்னா மத்தியானம்தான் கிளம்பணும், திரும்பி வர ட்ரிப் இல்ல. சாயங்காலம் ஓனர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எவரிஸ்டாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. தன் பேச்சை யாரும் நம்புவதில்லை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! நம்பினார்கள். நம்பிக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்கள். எவனாவது பள்ளத்தில் விழுந்தால் ஓட்டுநரின் அலட்சியம் என்று செய்தி வரும், விதி என்று பூசை நடக்கும். அந்த முறைச் சட்டத்தை எழுதியவர்களைப் பற்றி ஒரு வரி வராது. அவர்கள் ஆளுக்கு ஐந்தாறு வண்டி வைத்திருப்பவர்கள். விடியற்காலையில் அவர்கள் தொட்டது போர்வையைத்தான், ஸ்டியரிங்கை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை, லா பாஸில் மினிபஸ்கள் கிளம்பும் வில்லா ஃபாத்திமாவில் மினிபஸ் சங்கக் கூட்டம். எவரிஸ்டா அழைக்காமலே போனாள். செயலாளர் ஹிலாரியோன் ஆறு வண்டிக்குச் சொந்தக்காரர்.

"எவரிஸ்டா அம்மா, உங்களுக்கு ரொம்ப நன்றி. ஆனா போன செவ்வாய்க்கிழமை ஐஸுன்னீங்க, ஒண்ணுமே இல்லையே?"

"தப்புதான். விடியக்காலைல மேகம் திரும்பி வந்துடுச்சு. மே மாசத்துலேருந்து ஒன்பது தடவ சொன்னேன், மூணு தப்பு. எழுதி வெச்சிருக்கேன், பாத்துக்குங்க."

"எங்களுக்குக் கோக்கா இலையில குறி பாத்துச் சொல்ற பெரியவர் இருக்காரு. அவர் வாக்கு தப்பினதே இல்ல."

"தப்பினத யாரு எழுதி வெச்சா?"

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. ஹிலாரியோன் மேசையைத் தட்டினார்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"நான் ஐஸுன்னு சொன்ன அன்னிக்கு யாரும் முந்தக் கூடாது, யாருக்கும் முறை போகக் கூடாது. எட்டாவதா நிக்கறவன் பத்து மணிக்கும் எட்டாவதுதான். அவ்ளோதான். நான் தப்பாச் சொன்னா உங்களுக்கு ரெண்டு மணி நேரம் நஷ்டம். நீங்க தப்பாப் போனா பதினஞ்சு உசுரு."

அதற்கு ஆதரவாக ஃபெர்மின் கையைத் தூக்கினான். அவன் முதலாளி திரும்பிப் பார்த்தார், கை இறங்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கை, அதற்குப் பின்னால் நான்கு. எண்ணிப் பார்த்தபோது நாற்பத்து மூன்று. எதிர்த்தவர்கள் பதினொரு பேர். "இந்தக் குளிர்காலம் மட்டும், சோதனைக்கு" என்று ஹிலாரியோன் எழுதிக்கொண்டார். எப்படியோ எழுதட்டும் என்று எவரிஸ்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் மெல்லிய பனி. மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சொல்லிவிட்டாள். எட்டே காலுக்கு ஃபெர்மின் கூப்பிட்டான். பின்னணியில் ஒரே கூச்சல்.

"அக்கா, பதினெட்டு வண்டி நிக்குது. ஜனங்க என்னப் பிச்சுத் தின்னுடுவாங்க போலிருக்கு. சூரியன் எங்கதான் போச்சு?"

"பாறை மேல வந்துடுச்சு. இன்னும் அரைமணி கழிச்சுக் கிளம்பு, இங்க வந்து சேர முக்கால் மணி ஆகும், சரியா இருக்கும். ஒரு டீயக் குடி."

"மூணு குடிச்சாச்சுக்கா!"

"நாலாவதையும் குடி."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஒரு வண்டி இல்லை. பாறையிலிருந்து வெயில் இறங்கி, ரோட்டின் ஓரத்தைத் தொட்டு, குறுக்கே நகர்ந்தது. அது தொட்ட இடமெல்லாம் ஆவி எழுந்தது. அன்று ஃபெர்மினின் முறை மூன்று. ஒன்பதரைக்கு மேல், சொல்லி வைத்தாற்போல மூன்றாவது வண்டியாகவே வந்தான்.

"வயிறெல்லாம் டீக்கா!" என்று கத்திக்கொண்டே, ஈரம் உலர்ந்துகொண்டிருந்த வளைவில் மெதுவாக இறங்கினான்.