மஞ்சள் வளையத்தையும் எழுத வைத்த யுகந்தர் அண்ணா

யுகந்தர் அண்ணா போய்விட்டார். நேற்று சாயங்காலம், திருப்பதியில்... ஹார்ட் அட்டாக். நாற்பத்து நாலு வயசெல்லாம் ஒரு வயசா?

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கணக்கு படித்த மனிதர். எங்கள் பறவைக் கணக்கெடுப்பு ப்ராஜெக்டில் கம்ப்யூட்டர் மாடலிங் முழுக்க அவர்தான்.

நான் விஜயபுரம் பக்கத்து ஏரியில் பைனாகுலரும் ஃபாரமுமாக நிற்கிற ஃபீல்டு ஸ்டாஃப். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த வேலை மேல் உயிரையே வைத்திருந்தேன்.

எங்கள் ஏரி மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். குஞ்சுகளின் காலில் சிவப்பு வளையம் மாட்டுவோம். வளர்ந்து திரும்பி வந்தால் வளையத்தின் நம்பரைப் பார்த்து எழுத வேண்டும்.

இருந்தது எத்தனை, பிறந்தது எத்தனை, செத்தது எத்தனை... இந்த மூன்றையும் கொடுத்தால் அடுத்த வருடம் எத்தனை கூடு என்று அண்ணாவின் மாடல் சொல்லும். அது வருடா வருடம் குறையும் என்றே சொன்னது. ஏரியிலோ கூடு குறையவே இல்லை.

"இன்னாம்மா விமலா, குஞ்சு பொழைக்கிறதே கொஞ்சம். கூடு மட்டும் எப்டி அப்டியே கீது?" என்று ஃபோனில் புலம்புவார். ப்ரோக்ராமில்தான் தப்பு என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கே வந்துவிட்டார். எச்சத்துக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து என் டிபன் பாக்ஸில் பாதியைக் காலி செய்தார்... அப்புறம் பைனாகுலரை வாங்கிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அது இன்னா, கால்ல மஞ்சா?"

"அது நம்மளுது இல்லண்ணா. மலைக்கு அந்தாண்ட பெரிய ஏரி கீதே, அங்க வேற டீமு மாட்டினது. நெறைய வரும்."

"எத்தினி வருசமா?"

"நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து..."

"எழுதினியா?"

"ஃபாரத்துல நம்ம வளையத்த மட்டும்தானே கேட்டுகீது?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "அட நைனா! பொறந்ததுக்கு எடம் வுட்டேன், செத்ததுக்கு எடம் வுட்டேன்... வந்ததுக்கு எடமே வுடலியே!"

அடுத்த சீசனில் இரண்டு நிறத்தையும் எழுதினோம். புதிதாகக் கூடு கட்டியவற்றில் மஞ்சள்தான் அதிகம். அதைச் சேர்த்த பிறகு மாடலும் ஏரியும் ஒரே பேச்சு பேசின.

எங்கள் ஏரியில் பிறந்ததை மட்டும் நம்பியிருந்தால் கூடுகள் என்றோ குறைந்திருக்கும். அந்தப் பெரிய ஏரிதான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அதே பெரிய ஏரியை மண் கொட்டி மூடி குடோன் கட்டப் பேச்சு. சித்தூரில் மீட்டிங். நான் கடைசி வரிசை.

ஓர் அதிகாரி எங்கள் பழைய ரிப்போர்ட்டையே தூக்கிக் காட்டினார். "விஜயபுரம் தெக்கர பக்ஷுலு பாகானே உன்னாயி கதா?" விஜயபுரம் பக்கம்தான் பறவைகள் நன்றாக இருக்கின்றனவே, இந்த ஏரி போனால் என்ன என்று கேட்டார்.

அண்ணா எழுந்தார். "அக்கடிநுஞ்சி ராக்கபோத்தே இக்கட உண்டவு சார்." அங்கிருந்து வராவிட்டால் இங்கே இருக்காது. அவ்வளவுதான் சொன்னார். வரத்து நின்றால் எங்கள் கூடுகள் எப்படிக் குறையும் என்ற கிராஃபைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"அப்படியென்றால் பழைய ரிப்போர்ட்டில் ஏன் இல்லை? டேட்டா எடுத்தது யார்?" என்று திருப்பிக் கேட்டார் அதிகாரி.

நான் முன் சீட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"ஃபாரம் போட்டது நான் சார், தப்பு என்னுது. மஞ்ச வளையத்த பாத்து சொன்னது எங்க விமலா." கையைக் காட்டி என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

அத்தனை பேருக்கு முன்னால்! எவனுக்கு வரும் அந்த மனசு? இதை டைப் செய்யும்போதும் அழுகை வருகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருக்கிறது.

குடோன் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பெரிய ஏரி இன்றும் இருக்கிறது.

ஏரியில் மஞ்சளைப் பார்த்த மறுநாளே ஃபாரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டிருந்தார். 'வெளியிலிருந்து வந்தவை.' இன்றுவரை அதே ஃபாரம்தான்.

இன்று காலை நகரிக்கு அவரைப் பார்க்கக் கிளம்பும் முன் ஏரிக்குப் போனேன். ஒரு நாள் கணக்கு விட்டுப்போனால் அவருக்குப் பிடிக்காது.

போய் வாங்கண்ணா...

இன்னைக்கி மஞ்சா பதினொண்ணு. எழுதிட்டேன்.