முதல் சிலிண்டர் எந்தப் பக்கம்

கப்பல் என்ஜின் தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கண்ணாடி அக்கா’ என்று பெயர். சோதனை அறையின் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எந்த நொடியில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்று என்ஜினின் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. வீட்டில் எது கருகினாலும் முதல் ஆளாக மோப்பம் பிடிப்பாள்; கருகவிட்டதும் பெரும்பாலும் அவளேதான் என்று புருஷன் கேலி செய்வார்.

புது என்ஜின் அவளைப் படுத்தி எடுத்தது. வேகமாக ஓடினால் சொன்னபடி கேட்டது. மெதுவாக ஓடவிட்டால் கரும்புகையாகக் கக்கியது. இரண்டு சோதனை தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் கணினியைக் கழற்றிவிட்டு, கணினி வேண்டாத பழைய டீசல் பம்பையே மாட்டப்போவதாக மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எல்லாம் என்ஜினைப் பூட்டிய ஃபிட்டரின் கைக்கோளாறு என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாள். அந்த மனிதரும் ஆறு சிலிண்டருக்குள்ளும் டீசல் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் இரண்டு வாரமாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

எந்த இரண்டு இன்ஜெக்டரும் ஒரே அளவாகப் பீய்ச்சாது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் எண் ஒவ்வொன்றின் தலையிலும் பொறித்திருக்கும். ஃபிட்டர் அவற்றை வரிசையாக எழுதிக் கொடுப்பார். அவள் கணினியில் ஏற்றுவாள்.

மூன்றாம் சோதனையன்று காலை, பொறுக்கமாட்டாமல் அவளே ஃபிட்டர் எழுதிய தாளோடு கீழே என்ஜினருகே இறங்கினாள். முதல் சிலிண்டரின் எண்ணைப் படிக்கச் சொல்லி அவரிடம் கேட்டாள். அவர் விறுவிறுவென்று என்ஜினின் ஒரு முனையில் இருந்த ஃப்ளைவீல் சக்கரத்தின் பக்கம் போனார். அவள் எதிர்முனையில் நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு இங்கதானே இருக்கு?”

“நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒண்ணு இங்கதாம்மா.”

அவர் அந்த முனையிலிருந்து எண்ணி எழுதியதை அவள் இந்த முனையிலிருந்து எண்ணி ஏற்றியிருந்தாள்; ஆறு எண்களும் கணினியில் தலைகீழாக இருந்தன. ஊரில் உள்ள எல்லாவற்றையும் சரிபார்த்த கெட்டிக்காரிக்கு இந்த ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

பத்தே நிமிடத்தில் மாற்றி ஏற்றினாள். என்ஜின் மெதுவாக ஓடியது. புகையை அளக்கும் கருவி வரம்புக்கு வெகு கீழே காட்டியது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். ஃபிட்டர் செய்த கோளாறை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

சிரித்து மழுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“அவர் மேல தப்பில்ல சார். எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுறார்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு வாரமா அவரைத்தான் குறை சொல்லிட்டிருந்தேன்.”

“நானும் சொல்லலியேம்மா,” என்றார் ஃபிட்டர்.

இரண்டு வாரமாகத் தனியாகச் சாப்பிட்டுவந்தவர், அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.