இது புத்தகத்தில் இருக்கிறதா?

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் ஒரே பொய்யைச் சொல்லி நல்ல பெயரோடு வாழ்ந்தவர். ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னார். மாட்டிக்கொண்டார்.

பிஸ்கட் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். அங்கேயே ஸ்டோரில் நான் குமாஸ்தா. அவர் சேர்ந்த வருடம்தான் பொட்டலம் கட்டும் இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. கூடவே நீல அட்டை போட்ட தடித்த கையேடு ஒன்றும் வந்தது. அது எழுதப்பட்டிருந்த மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதனாலேயே அதன் மேல் எல்லோருக்கும் அளவு கடந்த மரியாதை. மேனேஜர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

இயந்திரம் ஓட ஆரம்பித்ததும், பெல்ட் திரும்பும் இடத்தில் பொட்டலங்கள் சிக்கி நசுங்கின. நாளொன்றுக்கு நாலு கூடை நொறுங்கல். ஒரு தகட்டைச் சாய்வாகப் பொருத்தினால் பொட்டலம் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று மாமா மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

"வேற எங்கயாவது இப்படிச் செஞ்சிருக்காங்களா?"

"இல்லைங்க. எனக்குத் தோணுச்சு."

"உனக்குத் தோணுச்சா?" என்றார் மேனேஜர். திட்டவில்லை. உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பது போலப் பார்த்து, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

பத்து நாள் கழித்து மாமா மறுபடியும் போனார். "பெட்டி பிரிச்சப்ப புத்தகத்தைப் பார்த்தேங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு தகடு போட்டிருக்கு. நம்ம மெஷின்ல அது விட்டுப்போச்சு."

"இதை ஏன்யா இத்தனை நாள் சொல்லலை?" என்று மேனேஜர் பதறிவிட்டார். சாயங்காலத்துக்குள் தகடு ஏறியது. மறுநாள் நொறுங்கல் அரைக் கூடை.

அன்றிலிருந்து மாமாவுக்கு எது தோன்றினாலும் அது புத்தகத்தில் இருந்தது. இப்படிப் பதினான்கு வேலைகள். எந்தப் பக்கத்தைச் சொன்னோம் என்பது மறக்காமலிருக்க ஒரு சின்ன டைரி வைத்திருந்தார். நடுவில் நாலு மேனேஜர்கள் மாறினார்கள். 'இது புத்தகத்தில் இருக்கிறதா?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. ஒருமுறை அலமாரிக் கண்ணாடி வழியாகப் பின்னட்டையைப் பார்த்துவிட்டு வந்து நான் எச்சரித்தேன்.

"மாமா, அந்தப் புத்தகம் மொத்தமே நூத்தி அறுபத்தி நாலு பக்கம்தான். நீங்க போன வாரம் இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு சொல்லியிருக்கீங்க."

"அப்படியா? இனிமே பார்த்துச் சொல்றேன்" என்றார்.

மேனேஜர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாடே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கை வேறு வழியில் போட்டவனுக்கு விடை சரியாக இருந்தாலும் பூஜ்ஜியம் போட்டு, கையோடு அப்பாவையும் அழைத்து வரச் சொல்வார்கள். எதையும் இரண்டாவதாகச் செய்ய முண்டியடித்துக்கொண்டு வருவோம். முதலாவதாகச் செய்யச் சொன்னால் செருப்பைத் தேடுவோம். நானும் அந்த ரகம்தான். என் எரிச்சலே அதுதான்.

மாமா ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது தலைமை அலுவலகம் புதுமை ஆண்டை அறிவித்தது. எல்லாக் கிளைகளிலும் ஒரே அச்சில் ஒரே சுவரொட்டி: புதிதாகச் சிந்திப்போம். சிறந்த யோசனைக்குப் பரிசு, காலியாக இருந்த ஃபோர்மேன் பதவி.

ஃபோர்மேனுக்குக் கண்ணாடி அறை உண்டு. அறைக்குள் மெத்தை வைத்த நாற்காலி உண்டு. மாமாவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. அக்கா தினமும் இரவில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பாள். கடைசி எட்டு மாதமாவது உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், கதவில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாழ்க்கையில் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

படிவத்தில் ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: உங்கள் புதிய யோசனை இதற்கு முன் எங்கெங்கு செயல்படுத்தப்பட்டுள்ளது? சான்று இணைக்கவும்.

"எப்பவும் போல புத்தகத்துல இருக்குன்னே எழுதிடுங்க" என்றாள் அக்கா.

"புத்தகத்துல இருந்தா அது என் யோசனை ஆகாதே."

"அப்ப இல்லைன்னு எழுதுங்க."

"இல்லைன்னா இத்தனை வருஷம் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

"எதை எழுதினா நாற்காலி கிடைக்கும்?"

மாமா உண்மையையே எழுதப் பேனாவைத் திறந்தார். வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அந்தப் புத்தகத்துக்கு இருபத்திரண்டு வருஷம் நல்ல பேர் வாங்கிக் குடுத்துட்டேன். ஒரு தடவை எனக்கு வாங்கிப் பார்க்கிறேன்" என்றார். 'எங்கும் இல்லை. பதினான்கும் நானே யோசித்துச் செய்தவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று பேர் கொண்ட குழு வந்தது. புத்தகத்தை எடுக்கச் சொன்னார்கள். அலமாரிச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாமாவையே கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றச் சொன்னார்கள். அவரும் நெம்பித் திறந்து கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மோட்டார் படம் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கமே இல்லை.

மறுநாள் மெமோ வந்தது. அனுமதியின்றி, புத்தகத்துக்கு மாறாக, இயந்திரத்தில் பதினான்கு மாற்றங்கள். ஒரு வாரத்துக்குள் அனைத்தையும் அகற்ற வேண்டும். ஃபோர்மேன் பதவி, சுவர்க் கடிகாரத்தை வாசலுக்கு எதிரே மாட்டலாம் என்று யோசனை சொன்ன சூப்பர்வைசருக்குப் போனது. அவர் மூன்று கிளைகளின் புகைப்படங்களை இணைத்திருந்தார்.

மாமா பதினான்கையும் தன் கையாலேயே கழற்றினார். நான் ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, எண் போட்டு, ஸ்டோரில் அடுக்கினேன். பதிவேட்டில் 'உதவாதவை' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

நாலு கூடை நொறுங்கல் திரும்பி வந்தது. பிறகு ஆறு கூடையானது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இயந்திரம் செய்த கம்பெனியிலிருந்தே ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் இயந்திரத்தைச் சுற்றி வந்து, தகடுகள் இருந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். இங்கே என்ன இருந்தது, யார் செய்தது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"தெரியாமப் போட்டதுங்க. எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்றார் மேனேஜர்.

எடுத்ததைக் காட்டச் சொன்னார் அவர். நான்தான் பதினான்கு பொட்டலங்களையும் கொண்டு வந்து பிரித்து வைத்தேன். அவர் வெகு நேரம் அளந்தார், படம் எடுத்தார். மாமா நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். விருந்தினரிடம் தொழிலாளர்கள் பேசக் கூடாது என்பது விதி. நான் குமாஸ்தா; நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமா ஓய்வு பெற ஐந்து நாள் இருந்தபோது இயந்திரக் கம்பெனியிலிருந்து ஒரு தபால் வந்தது. நீல அட்டை போட்ட இணைப்பு; பக்கம் நூற்று அறுபத்தைந்து முதல் நூற்று எழுபத்தெட்டு வரை. ஒரு பக்கத்துக்கு ஒன்றாகப் பதினான்கு படங்கள்.

மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "புத்தகத்துலயே வந்துடுச்சுய்யா, உடனே மாட்டு" என்றார். நான் ஸ்டோரிலிருந்து அதே தகடுகளை எடுத்து வந்தேன். பதிவேட்டில் 'உதவாதவை' என்பதை அடித்துவிட்டு 'புதியவை' என்று எழுதினேன்.

மாமா மண்டியிட்டு முதல் தகட்டை வைத்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"இது ஒரு விரல் அளவு மேல இருக்கணுங்க. இவங்க கீழ இறக்கிப் போட்டிருக்காங்க."

"புத்தகத்துல அப்படியா இருக்கு?" என்றார் மேனேஜர்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"அப்ப மேலயே ஏத்திப் போடு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கீழே உட்கார்ந்தார்.