நிற்காத ஊதா நிறம்

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போன மறுவருடம், காரைக்காலில் கடல்நீரைச் சோதித்துக்கொண்டு திண்டாடினேன். அரசலாறு கலக்கிற இடத்தில் மொண்டுவந்த நீரில் பாசி, மீன், சாக்கடை எல்லாம் மக்கிக் கரைந்தது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுலபமான வேலைதான். பெர்மாங்கனேட்டை விட்டுக் கொதிக்கவைத்தால், கரைந்திருப்பது எவ்வளவோ அவ்வளவுக்கு ஊதா நிறம் வெளுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் நிறம் அப்படியே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. சித்திரை முழுக்க நிற்கவில்லை. கடல்நீரைவிட என் வடித்த நீர் சீக்கிரம் வெளுத்தது! குடுவைகளை அமிலம் விட்டுக் கழுவிக் கழுவி விரல் தோல் உரிந்தது. பெர்மாங்கனேட் விற்றவனைத் திட்டினேன், ஊர்க் காற்றைத் திட்டினேன். எல்லாரையும்விட அதிகமாக, நீர் வடிக்கும் உதவியாளரைத் திட்டினேன். கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர், பழைய சர்க்கார் ஆள். நான் எவ்வளவு கத்தினாலும் "சரிங்க முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போவார். அந்த அமைதிதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்தச் சமயம் பழைய ஆட்களில் யாரை வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் கேட்டிருந்தது. அவர் பெயருக்கு நேரே 'தேவையில்லை' என்று எழுதிக் கவரை ஒட்டி மேஜையில் வைத்தேன். அவருக்கு வேறு பிழைப்பில்லை என்று தெரிந்தேதான் எழுதினேன்.

மறுநாள் காலை அவரைக் காணோம். தண்ணீருக்கு நானே பின்கட்டுக்குப் போனேன். கண்ணாடி ஜாடி காலி. பக்கத்தில் ஈர மணல்மேல் புது மண்பானை. உள்ளே நூலால் கட்டிய வெட்டிவேர். வேர்ச்சாறு இறங்கிய நீரில் எந்த ஊதா நிற்கும்? மூக்குப்பொடி போட்டுப் போட்டுச் செத்துப்போன என் மூக்குக்கு ஒரு மாதமாக அந்த வாசனை எட்டவே இல்லை.

அவர் வந்ததும் குதித்தேன். "யாரக் கேட்டுப் பானையில ஊத்துனீங்க?"

"நீங்கதானங்க சொன்னீங்க," என்றார், திகைத்துப்போய். "வெயில் ஆரம்பிச்சப்ப, இத குடிக்கிற தண்ணி மாதிரி பத்திரமா பாத்துக்குங்கன்னு. எங்க வீட்ல குடிக்கிற தண்ணிய இப்புடித்தாங்க வப்போம்."

சொல்லியிருந்தேன். அதே வார்த்தைகள். வெட்கம் பிடுங்கித் தின்ன, கவரைக் கிழித்துப்போட மேஜைக்கு ஓடினேன். கவர் இல்லை.

"அதுங்களா? மேலிடத்துக் கடுதாசியாச்சேன்னு நேத்தே எடுத்துட்டுப் போனேங்க முசியே. தபாலாபீஸ் தொறக்கிறவரைக்கும் நின்னு, நானே போட்டுட்டு வந்தேன். அதாங்க நேரமாயிடுச்சு."