முழுதாய் எழுதிக் கொடுத்த வீடு

சொந்தத்தில் யார் கொழும்பில் மலிவாக வீடு தேடினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். இரண்டு வீடு வாங்கி இரண்டையும் விற்றவள் என்பதால் எனக்கு விஷயம் தெரியும் என்று நினைப்பு. இப்போது கொட்டாஞ்சேனையில் இன்னொருவருடைய மேல்மாடியில் நான் வாடகைக்கு இருப்பதை மரியாதைக்காக மறந்துவிடுகிறார்கள். நானும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

வெயிலில் வீடு பார்க்கப் போகாதீர்கள், மழை கொட்டும்போது போங்கள் என்பேன். எந்தச் சுவர் ஊறுகிறது, ஒழுங்கையில் வெள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். புரோக்கரிடம் விசாரிக்காதீர்கள், பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். விற்கிறவரோடு கோபமாக இருக்கும் பக்கத்து வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. மேல்மாடி என்றால், காலையில் எல்லோரும் குளிக்கிற நேரம் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். கடல் தெரிகிறது என்று மயங்காதீர்கள். உப்புக்காற்று முதலில் யன்னல் கம்பியைத் தின்னும், பிறகு ஃபிரிட்ஜைத் தின்னும். விற்கும்போது அவசரத்தைக் காட்டாதீர்கள். வாங்க வருகிறவனுக்கு அது வாசலிலேயே மணத்துவிடும்.

இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தை யார் பெயரில் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் என் குரல் மாறிவிடுகிறதாம், என் கணவர் சொல்வார். மாறாமல் என்ன செய்யும்?

எங்கள் முதல் வீடும் கொட்டாஞ்சேனையில்தான். முச்சக்கரவண்டி உள்ளே வந்தால் பின்பக்கமாகவே வெளியே போகவேண்டிய ஒழுங்கை. இரண்டு அறை, தகரக்கூரை போட்ட குசினி. அழகான வீடு என்று சொல்லமாட்டேன். ஆனால் இவர் புறக்கோட்டையில் வேலை செய்த இரும்புக்கடைக்கு நடந்தே போய்வருவார், மகள் நடந்தே பள்ளிக்கூடம் போனாள், குழாயில் தண்ணீர் எந்த நேரமும் வந்தது. அதற்கு மேல் ஒரு வீட்டிடம் எதைக் கேட்பது என்று இருந்தோம்.

மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியபோதுதான் அந்த வீட்டின் குறை தெரியவந்தது. மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் எல்லாம் விசாரித்துவிட்டு, கொழும்பில் எவ்விடம் என்று கேட்பார்கள். கொட்டாஞ்சேனை என்றதும் "ஆ" என்பார்கள். அந்த "ஆ"வுக்குப் பிறகு அழைப்பு வராது. எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தை, மிச்சமெல்லாம் துறைமுகம். மூன்றாவது "ஆ"வோடு இவர் முடிவெடுத்துவிட்டார். இருந்த வீட்டை விற்று, கையிலிருந்ததையும் போட்டு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் தொடர்மாடி வீடு ஒன்றை வாங்கினோம். பழைய வீட்டைவிடச் சின்னது, முகவரி மட்டும் பெரியது. சின்ன அறையில் கட்டிலைப் போட்டால் அலுமாரிக் கதவு பாதிதான் திறக்கும். லிஃப்ட் தன் மனம்போல வேலை செய்தது. ரயில் போகும்போதெல்லாம் கோப்பைகள் கிலுங்கின. எனக்கு அந்த வீடு ஒருநாளும் பிடிக்கவில்லை. ஆனால் முகவரி தன் வேலையைச் செய்தது. அந்த வருடமே கனடா மாப்பிள்ளை பொருந்தினார்.

சீதன உறுதி எழுத நொத்தாரிசிடம் போனோம். எங்கள் வயதை ஒத்த பெண்மணி, வெள்ளவத்தையிலேயே கந்தோர் வைத்திருந்தார். எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளைக்கு எழுதுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா உங்கட ரெண்டு பேற்றையும் சீவிய உரித்தை வைச்சு எழுதுங்கோ ஐயா. நீங்கள் இருக்குமட்டும் வீடு உங்கட கையில இருக்கும். இப்ப எல்லாரும் அப்பிடித்தான் எழுதுகினம்."

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கு அவமானமாகப் பட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் அதை வாசித்தால் என்ன நினைப்பார் என்பதும் இருந்தது.

"முழுசா எழுதுங்கோ. அரைகுறைச் சீதனம் எங்கட வழக்கமில்லை," என்றார்.

சபையில் வைத்தே கணவரை மறுத்துப் பேசக்கூடியவள்தான் நான். அன்றைக்கு எனக்கும் அந்தப் பெருமை இனித்தது. முழுதாய் எழுதினோம். கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

மகள் போய்க் கொஞ்சக் காலம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தார்கள். பனிக்காலத்தில் யன்னலை மூடிப் பனி கிடக்குமாம். பகலிலும் லைட் போட வேண்டுமாம். அவர்களும் மலிவாக ஒரு வீடு தேடினார்கள். முற்பணத்துக்கு வெள்ளவத்தை வீட்டை விற்கலாமா என்று மகள் கேட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். விருப்பமில்லை என்றால் வேறு வழி பார்ப்போம் என்று சொல்லித்தான் கேட்டாள். அவள் சொல்லி முடிக்குமுன் இவர் "ஓம்" என்றுவிட்டார். வீடு அவளுடையது, நாங்கள் யார் வேண்டாம் என்பதற்கு? சீவிய உரித்து வைத்திருந்தாலும் அவள் கேட்டிருந்தால் அதையும் விட்டுக்கொடுத்திருப்போம் என்று இவர் இப்போது சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அவள் கேட்டிருக்கமாட்டாள் என்று நான் நினைக்கிறேன்.

வாங்கியவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த வியாபாரி. நல்ல மனிதர், பொங்கல் கழியும்வரை எங்களை இருக்கவிட்டார். வெள்ளவத்தை வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. திரும்பவும் கொட்டாஞ்சேனைக்கே வந்தோம். இனி எங்களை யார் பார்த்து "ஆ" சொல்லப்போகிறார்கள்?

அங்கே வீடு வாங்கியதும் மகள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். குசினி, பின்வளவு, படிகள் என்று காட்டி, மேலே கடைசி அறைக் கதவைத் திறந்தாள். புதுக் கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்பு விரித்திருந்தது.

"இது உங்கட ரெண்டு பேற்றையும் அறை," என்றாள்.

இவர் கண்ணைத் துடைத்துவிட்டு, யன்னல் எந்தத் திசை என்று விசாரித்தார். அன்றைக்கு எனக்கு ஒரு கவலையும் இல்லை. கொடுத்ததெல்லாம் ஓர் அறையாகத் திரும்பி வந்ததென்று நிறைவாக இருந்தது.

அடுத்த வருடம் அவள் பிள்ளைத்தாய்ச்சியானாள். தலைப்பிள்ளை. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போவதுதானே முறை. மல்லியும் மிளகும் சீரகமும் வேர்க்கொம்பும் வறுத்துப் பத்தியச் சரக்கு இடித்துப் பொதி பண்ணினேன். இவருக்கு ஒரு தடித்த ஜக்கெட் வாங்கினோம். விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒருவரிடம் வெள்ளவத்தைக்குப் போனோம். வீடு வளவு ஏதும் எங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்டார். மகளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று இவர் பெருமையாகவே சொன்னார். அவர் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பார்ப்போம் என்றார்.

விசா மறுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்க அவரிடமே திரும்பப் போனோம். பாவம், சொல்லத் தயங்கினார்.

"திரும்பி வாறதுக்கு இஞ்ச ஒண்டும் இல்லாத ஆக்களை அவங்கள் நம்பமாட்டாங்கள், அம்மா. ஒரு வீடெண்டாலும் உங்கட பேரில இருந்திருந்தா, சிலவேளை விட்டிருப்பாங்கள்."

எனக்கு வந்த கோபத்துக்கு யாரைப் பிடித்து ஏசுவது என்று தெரியவில்லை. இவரை ஏசலாம் என்று திரும்பினால், அவர் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஏச மனம் வரவில்லை. திரும்பவும் விண்ணப்பித்தோம், அதே பதில். சரக்குப் பொதியைப் பார்சலில் அனுப்பினேன். யார் காய்ச்சிக் கொடுப்பது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. ஒரு பின்னேரம் அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும்போது மகள் அழைத்தாள். வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்களாம், எழும்பி நடக்க ஏலவில்லை. மருமகன் வேலைக்குத் திரும்பிவிட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே இருந்தாள். தலை வாரவில்லை. பின்னால் அந்தப் பூப்போட்ட விரிப்புத் தெரிந்தது. பிள்ளை அழுது வேலைக்குப் போகிறவரின் நித்திரை குழம்பக்கூடாது என்று எங்களுடைய அறையிலேயே படுக்கிறாளாம். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, வெள்ளவத்தை வீட்டை நாங்கள் வித்திராட்டா, உங்களை விட்டிருப்பாங்களோ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பை அணைத்தேன்.

"சீச்சீ, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். வயசு போன ஆக்களை அவங்கள் விடுறேல்லையாம். நீ பிள்ளைக்குப் பாலைக் குடு," என்றேன்.