அம்மனுக்குக் கட்டிய ரவிக்கைத் துணி

ஹைதராபாத் மியூசியத்தில் அத்தை சிலைக்குத் துணி கட்டிவிட்ட கதையை எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். எட்டு வயது. தெலுங்கிலும் இந்தியிலும் வாயாட வந்ததால், எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு வேறு.

அப்பா அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேலை இருந்தது, புராஜெக்ட்தான் கிடைக்கவில்லை. இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அந்த நேரத்தில்தான் அப்பாவின் மேனேஜர் எங்களை ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குக் கூப்பிட்டார். தென்காசியிலிருந்து வந்திருந்த அப்பாவின் அக்காவை விட்டுவிட்டுப் போக முடியுமா?

“மயினி, அவங்க என்ன சொன்னாலும் சரின்னுருங்க” என்று அம்மா ஆட்டோவிலேயே கெஞ்சாத குறையாகச் சொல்லிவைத்தாள்.

மேனேஜரின் மனைவி தெலுங்குக்காரர், தங்கமான மனுஷி. டிபன் முடிந்ததும் அவர்கள் வழக்கப்படி அம்மாவுக்கும் அத்தைக்கும் குங்குமச் சிமிழை நீட்டி, வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். அத்தையின் கை சற்றுத் தயங்கியது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பச்சைத் துணியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர்கள் காரிலேயே மியூசியம். அப்பாவும் மேனேஜரும் வாளும் கேடயமும் பார்க்கப் போய்விட்டார்கள். நாங்கள் சிலைகள் இருந்த பக்கம் போனோம். அங்கே கயிற்றுக்குப் பின்னால், மேடையில் ஒரு வெண்கல அம்மன். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“அம்மாளை இப்படியா வெறும் மேலோட நிப்பாட்டி வச்சிருப்பானுவ?”

அம்மா தடுப்பதற்குள் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய், பச்சைத் துணியை அம்மனின் மேல் சுற்றி முடிச்சுப் போட்டுக் கும்பிட்டும் விட்டாள். விசில் சத்தம் கேட்டது. “காய்கூ ஹாத் லகாயே அம்மா?” என்று கத்திக்கொண்டே காவலாளி ஓடிவந்தார். ஏன் தொட்டீர்கள் என்று அவர் கேட்டது எல்லாருக்கும் புரிந்தது. கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. அம்மாவுக்கு அப்பாவின் புராஜெக்டே போயிற்று.

மேனேஜரின் மனைவிதான் காவலாளியைச் சமாதானப்படுத்தித் துணியை வாங்கினார். தான் கொடுத்ததை இப்படிச் செய்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டாரோ என்னவோ, அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா அவரை ஓரமாகக் கூட்டிப்போய், அத்தையின் வீட்டுக்காரரான மாமா இறந்து சில வருஷமாயிற்று என்பதைத் தணிந்த குரலில் சொன்னாள். பூப்போட்ட சேலையும் ஸ்டிக்கர் பொட்டுமாக இருந்த அத்தையைப் பார்த்தால் யாருக்கும் அது தெரியாது. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவளுக்கு யாரும் குங்குமத்தை நீட்ட மாட்டார்கள், துணியும் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். வேண்டாம் என்று அத்தை சொல்லியிருந்தால், கொடுத்தவருக்குத்தான் சங்கடம். வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அவர் திரும்பி வந்து, துணியை மடித்து அத்தையின் கையில் வைத்தார். “தெலிசே இஸ்துன்னானு வதினா.”

“என்னட்டி சொல்லுதாவ?” என்று அத்தை என்னைக் கேட்டாள்.

“மயினின்னு கூப்பிட்டு, தெரிஞ்சேதான் குடுக்காங்களாம் அத்தை.”

என்ன தெரிந்து என்று எனக்குத் தெரியாது. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

தார்நாகாவில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் காரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் அத்தை அழுதுகொண்டு வந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. மடியில் சாய்ந்துகொண்டு, “அந்த வாட்ச்மேன் திட்டுனதுக்கா அழுறீங்க? அவரை நாம இனிமே பாக்கவே மாட்டோம் அத்தை” என்றேன்.

“ஆமாட்டி, அவன் மூஞ்சில முழிக்கவே வேண்டாம்” என்று சொல்லி என்னை இறுக்கிக்கொண்டாள்.

அத்தையைத் தேற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.