திரிந்த பால்

கீரமங்கலம் கடைத்தெருவை விட்டு நானும் மாஸ்டரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். அவர் டீ ஆற்றுகிறவர். நான் அதே கடையில் கிளாஸ் கழுவுகிறவன். சற்று முன்புதான் மாஸ்டர் கொதிக்கும் டீயை டீ குடிக்க வந்த ஒருவரின் மடியில் கொட்டிவிட்டார். "குடிச்சுட்டு வர்றவனுக்கு பாய்லர் பக்கம் என்ன வேலை?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவரை விரட்டினார். மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்; அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் கூட வந்தேன்.

அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. "ஏண்ணே பேசாம வந்தீங்க?" என்றேன்.

"நடுக்குவாதம்டா. மூளையில ஒரு புரதம் கட்டி கட்டியாச் சேருதாம். அது சேந்த செல்லு வேலை செய்யாமச் செத்துப்போகுமாம். தஞ்சாவூர் டாக்டர் சொன்னாரு. நம்ம பாஷையில, பால் திரிஞ்சுபோச்சு. திரிஞ்ச பால எந்த அடுப்புல வச்சு மீட்கிறது?"

"அத மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

சிரித்தார். "குடிகாரன்னா, திருந்திட்டான்னு இன்னொருத்தன் வேலை குடுப்பான். சீக்காளிக்கு எவன் குடுப்பான்? நீயும் வாயத் தொறந்துராத."

அறந்தாங்கி பஸ் வந்தது. கம்பியைப் பிடிக்க அவர் கை தடுமாறியது.

"என்னய்யா, காலையிலேயே சரக்கா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

நோயைவிடக் குடிக்கு மரியாதை இருக்கிற ஊர்களில்தான் நானும் இத்தனை காலம் வேலை தேடி அலைந்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

மறுநாள் காலை முதலாளி கேட்டார்: "அவன் குடிகாரன்தானேடா?"

"ஆமாங்க மொதலாளி."

"அப்ப இனிமே நீ ஆத்து" என்று மாஸ்டரின் டீக் குவளையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.